அரைப் பங்குப் பிள்ளை

நோணாங்குப்பம் என்றதும் வெளியூர் நண்பர்களுக்குச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைதான் நினைவுக்கு வரும். புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டி, பாலத்தை நெருங்கும்போது இடப்பக்கம் தென்னைகளுக்கிடையே தெரியும் நீர்ப்பரப்பு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களின் வரிசை சாலைவரை நீளும். ஊருக்குள் இருப்பவர்களுக்கோ நோணாங்குப்பம் என்பது இரண்டு விதமான தபால்கள் வந்து சேரும் ஊர். ஒன்று நம்முடைய அரசாங்கத்தின் பழுப்பு உறை. மற்றது பிரெஞ்சுக் குடியரசின் முத்திரை தாங்கிய வெள்ளை உறை. ஒரே தெருவில், எதிரெதிர் வீடுகளில், இவ்விரண்டும் வந்து விழுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

எதிர்வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்தில் இத்தகையவர்களைச் 'சொல்தா' என்பார்கள். போர்வீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் தமிழ் நாவில் தேய்ந்து நின்ற வடிவம். அவருடைய மகன் பாரிசுக்கு அருகே குடும்பத்தோடு வாழ்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்திருந்த மகன் ஏதோ காரியத்துக்காகத் தம் வரி அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்திருந்தார். பெரியவர் அதை என்னிடம் நீட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா வாத்தியாரே, என் பேரப்பிள்ளைங்க ரெண்டும் அரை அரை ஆளாம். ரெண்டையும் சேத்தாத்தான் ஒரு ஆளு வருதாம்!"

தாளில் பங்குகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் மூன்று என்று அச்சிடப்பட்டிருந்தது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு அரையும் அரையும். இலக்கியம் படித்தவனுக்கு வரித் தாளில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் முறையை எடுத்துரைத்த பாட்டை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துபவன் நான். அரசன் எவ்வளவு எடுக்கலாம் என்பது அங்கே கேள்வி. கொடுக்கிறவனின் வீட்டில் எத்தனை வாய்கள் என்ற கேள்வி அப்பாட்டில் இல்லை. அன்று முதல் இந்த இரண்டாவது கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. அதைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

*

பிள்ளைகளைக் காட்டிச் சலுகை பெறுவது பழைய வழக்கம். நோணாங்குப்பத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. ரோமாபுரியின் செந்நிற மட்கலங்கள் இம்மேட்டில் கிடைத்தன. அக்கலங்கள் இக்கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டியே, கி.பி. 9ஆம் ஆண்டில், ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மணம் செய்யாதோருக்கும் பிள்ளையில்லாதோருக்கும் சொத்து பெறுவதில் தடைகள். மூன்று பிள்ளை பெற்றோருக்குத் தனிச் சலுகைகள். ரோம் நகரில் மூன்று பிள்ளை போதும். இத்தாலியில் நான்கு, வெளி மாகாணங்களில் ஐந்து வேண்டும் என்று வேறுபாடும் இருந்தது. தலைநகரில் பிறக்கும் பிள்ளைக்கு மதிப்பு அதிகம் என்பது அன்றே வழக்கமாகிவிட்டது போலும்.

மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தது 1945ஆம் ஆண்டில். அதே ஆண்டின் மார்ச் மாதத்தில், போரில் நொறுங்கிய பிரான்சின் தற்காலிக அரசுத் தலைவராக இருந்த தெ கோல், பத்தாண்டுகளில் தம் நாட்டுக்கு 1 கோடியே 20 லட்சம் குழந்தைகள் தேவை என்று பேசினார். ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று நிறைவேறிய நிதிச் சட்டம், எதிர்வீட்டுப் பெரியவரைச் சிரிக்கவைத்த அந்த அரைப் பங்கைப் பிறப்பித்தது. 'குடும்ப ஈவு' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஈவு என்பது நாம் பள்ளியில் படித்த வகுத்தல் கணக்கின் ஈவேதான்.

1870ஆம் ஆண்டுப் போரிலிருந்தே பிரான்சுக்கு ஓர் அச்சம் இருந்தது. பக்கத்து ஜெர்மனியில் மக்கள் பெருகுகிறார்கள், நாம் குறைகிறோம் என்பதே அது. முதல் உலகப் போர் அவ்வச்சத்தைப் பெருக்கியது. 1932 மார்ச்சில் தொழிலாளர்களுக்குக் குடும்பப் படி வழங்குவது கட்டாயமாயிற்று. 1939இல் குடும்பச் சட்டத் தொகுப்பு வந்தது. அவற்றின் தொடர்ச்சியாகவே 1945ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. தொடக்கத்தில் அச்சட்டம் ஒரு வேடிக்கையான கடுமையையும் கொண்டிருந்தது. மணமாகி மூன்றாண்டு கழிந்தும் பிள்ளை பெறாத தம்பதிக்கு இரண்டு பங்கு கிடையாது, ஒன்றரைதான். நம்மூர்ப் பாட்டிமார் திண்ணையில் அமர்ந்து "இன்னும் ஒண்ணும் விசேஷமில்லையா?" என்று கேட்பதைப் பிரெஞ்சு நிதியமைச்சகம் சட்டமாகவே இயற்றியிருந்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

*

இக்கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் சிக்கலே கணக்கில்தான் இருக்கிறது.

குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பங்குகளால் வகுப்பார்கள். கிடைத்த ஈவுக்கு வரி போட்டு, அவ்வரியைப் பங்குகளால் பெருக்குவார்கள். வருமானம் ஏற ஏற வரிவிகிதம் ஏறுகிற அமைப்பில், பங்கு கூடினால் ஈவு சிறுக்கும். சிறுத்தால் வரி தாழ்ந்த படியில் விழும். 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கான பிரெஞ்சு அட்டவணைப்படி, ஒரு பங்கில் 11,497 யூரோ வரை வரியில்லை. அதற்குமேல் 29,315 வரை 11 விழுக்காடு. பின்னர் 30 விழுக்காடு. அப்படியே மேலே போகும்.

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சில்லறைக் கழிவுகளை விட்டுவிட்டுப் பார்ப்போம்.

முதற் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 24,000 யூரோ. பிள்ளைகள் இல்லாவிட்டாலும் அவர்கள் கட்டவேண்டிய வரி 110 யூரோ அளவுதான். சிறு வரிக்காரர்களுக்கான வேறொரு கழிவால் அதுவும் இல்லாமற்போகும். ஆகவே இரண்டு பிள்ளைகளால் இவர்களுக்கு வரியில் கிடைக்கும் நன்மை ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இரண்டாம் குடும்பத்தின் வருமானம் 60,000. பிள்ளைகள் இல்லையெனில் வரி ஏறத்தாழ 4,330 யூரோ. பிள்ளைகளோடு மூன்று பங்காக வகுத்தால் ஏறத்தாழ 2,805. நன்மை 1,500க்குச் சற்று மேல்.

மூன்றாம் குடும்பத்தின் வருமானம் 1,20,000. இரண்டு பங்கில் வரி 22,330 அளவு. மூன்று பங்கில் 15,495 அளவு. வகுத்தல் கணக்கை அப்படியே விட்டால் நன்மை 6,800 யூரோவைத் தாண்டும்.

மூன்று வீடுகளிலும் பிள்ளைகள் இரண்டே. பசியும் புத்தகப் பையும் ஒன்றே. ஆயினும் மூன்றாம் வீட்டுப் பிள்ளைக்கு அரசு விட்டுக்கொடுப்பது அதிகம். முதல் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பிள்ளையின் பேரால் எழுதப்பட்ட சலுகை உண்மையில் வருமானத்தைப் பார்த்தே நடக்கிறது, அதுவும் தலைகீழாக.

இம்முறையை ஆதரிப்போரின் விடையையும் சொல்லவேண்டும். இது உதவியே அன்று என்பார்கள் அவர்கள். ஒரே சம்பளத்தில் ஒருவர் உண்பதும் நால்வர் உண்பதும் ஒன்றாகா. ஆகவே சம வருமானக்காரர்களுக்கிடையே, பிள்ளையுள்ளவரைப் பிள்ளையில்லாதவரோடு நேர்செய்வதே எங்கள் நோக்கம். ஏழையையும் செல்வரையும் நேர்செய்வது வேறு கருவியின் வேலை. வாதம் வலுவானது. வரியே கட்டாத வீட்டுக்கு அது எதையும் தருவதில்லை என்பதும் உண்மை.

அரைப் பங்கு 36 ஆண்டுகள் இவ்வாறு தடையின்றி ஓடியது. மித்தரான் ஆட்சிக்கு வந்தபின், 1982ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதற்கு உச்சவரம்பு இட்டது. ஓர் அரைப் பங்கால் 7,500 பிராங்குக்கு மேல் யாரும் மிச்சம் பிடிக்கக்கூடாது. அதன் பிறகு நடந்தவை அந்நாட்டின் நீண்ட வழக்காடல் எனலாம். குடும்பப் படி மட்டும் வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் வழங்கப்பட்டு வந்தது. 1998இல் ழோஸ்பேன் அரசு அதற்கும் வருமான வரம்பு வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை விலக்கிக்கொண்டு, அதற்கு ஈடாக அரைப் பங்கின் உச்சவரம்பை 16,380 பிராங்கிலிருந்து 11,000 பிராங்காகக் குறைத்தது. 2015 ஜூலை முதல் குடும்பப் படியும் வருமானத்துக்கேற்பக் குறைக்கப்பட்டது. இரண்டு பிள்ளையுள்ள வீட்டின் மாத வருமானம் 6,000 யூரோவைத் தாண்டினால் பாதி. 8,000 யூரோவைத் தாண்டினால் கால் பங்கு. 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கு அரைப் பங்கின் உச்சவரம்பு 1,791 யூரோ. ஆகவே நம் மூன்றாம் குடும்பம் 6,800 யூரோ மிச்சம் பிடிக்க முடியாது. 3,582 யூரோவோடு நிற்கவேண்டும்.

*

நிற்க. நோணாங்குப்பத்துப் பிள்ளைகள் இந்தக் கணக்குக்குள் எப்படி வந்தார்கள்?

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால், இம்மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தங்கள் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். தெரிவிக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள். அவ்வாறு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டோர் சுமார் 5,000 பேர். ஒப்பந்தத்தின் ஒரு விதி நம் பொருளுக்கு நெருக்கமானது. பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் தெரிவு முடிவுசெய்யும்.

எதிர்வீட்டுப் பெரியவரின் தந்தை எழுதிக் கொடுத்தார். என் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. இருவருக்கும் அன்று வரி பற்றிய எண்ணமே இருந்திராது. ஒருவருக்கு ஓய்வூதியம், மற்றவருக்கு வயல். ஆனால் அந்த ஆறு மாதத்தில், தெருவின் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் அரைப் பங்குக் கணக்குக்கும், மறுபக்கத்துப் பிள்ளைகள் வேறொரு கணக்குக்கும் உரியவர்களாயினர். 1963இல் இந்திய வருமான வரிச் சட்டம் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டது.

*

அந்த வேறொரு கணக்கு என்ன?

இந்தியாவிலும் பிள்ளைகளை எண்ணிய வருமான வரி இருந்தது என்பதை இன்று பலர் அறியார். 1955ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் சி. து. தேஷ்முக், மணமானவர்க்கும் மணமாகாதவர்க்கும் வெவ்வேறு வரிவிலக்கு வரம்புகளைக் கொண்டுவந்தார். மணமானவர்க்கு 2,000 ரூபாய், ஆகாதவர்க்கு 1,000. 1950களின் இறுதியில் பிள்ளைகளும் கணக்கில் சேர்ந்தார்கள். மணமாகி, பிள்ளையில்லாதவருக்கு 3,000 ரூபாய் வரை வரியில்லை. ஒரு பிள்ளையிருந்தால் 3,300. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3,600.

கடைசி வரியைக் கவனியுங்கள். மூன்றாம் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பிரான்சிலோ 1980களிலிருந்து மூன்றாம் பிள்ளைக்கு அரைப் பங்கன்று, முழுப் பங்கு. அங்கே மக்கள் குறைவது கவலை. இங்கே பெருகுவது கவலை. முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே, 1952இல், குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் கொள்கையாக ஏற்ற நாடு நம்முடையது. ஆகவே ஒரே தெருவில், எதிர்வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்தால் ஒரு முழு ஆள். எங்கள் வீட்டில் பிறந்தால் பூச்சியம். பிள்ளைக்கு இது தெரியாது. அது இரண்டு வீட்டிலும் ஒரே குரலில்தான் அழுதிருக்கும்.

ஆனால் இந்திய அட்டவணையின் பெரிய வரம்பு இரண்டு என்ற எண்ணில் இல்லை. 3,000 என்ற எண்ணில் இருந்தது. அந்நாளில் ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஈட்டியவர்கள் நாட்டில் எத்தனை பேர்? நெல் நட்டவருக்கும் வலை வீசியவருக்கும் அந்த 300 ரூபாயால் பயன் ஏதும் இல்லை. கட்டாத வரியிலிருந்து எதைக் கழிப்பது? பிரான்சின் முதற் குடும்பத்துக்கு நேர்ந்ததே, இங்கே ஏறக்குறைய நாடு முழுமைக்கும் நேர்ந்தது.

அட்டவணை பின்னர் மறைந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளையின் சுவடுகள் சில எஞ்சியிருந்தன. சம்பளக்காரரின் பிள்ளைக்குக் கல்விப்படியாக மாதம் 100 ரூபாய், இரண்டு பிள்ளை வரை. பள்ளிக் கட்டணத்துக்கு 80சி பிரிவில் கழிவு, அதுவும் இரண்டு பிள்ளை வரை. சிறுவரின் வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்பட்டால் பிள்ளை ஒன்றுக்கு 1,500 ரூபாய் விலக்கு. விலைவாசி எங்கோ போனபின்னும் அந்த 100 ரூபாய் பல்லாண்டுகள் நூறாகவே நின்றது. 2020இல் வந்த புதிய வரிமுறையைத் தெரிந்தெடுத்தோருக்கு இக்கல்விக் கழிவுகளும் இல்லை. இந்திய வருமான வரியின் கண்ணில் குடும்பம் என்பது பெரும்பாலும் இல்லை. கணவன் ஒரு தனியாள். மனைவி ஒரு தனியாள். பரம்பரைச் சொத்துள்ளவர்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பம் என்றொரு தனி வரிக்கணக்கு உண்டு என்பது விதிவிலக்கு. சொத்திருந்தால் குடும்பம், சம்பளம் மட்டுமெனில் தனிமரம்.

*

அப்படியானால் நம் அரசு குடும்பத்தை எண்ணுவதே இல்லையா? எண்ணுகிறது. வாங்கும்போது அன்று, கொடுக்கும்போது. குடும்ப அட்டையில் எண்ணுகிறது. புதுச்சேரியில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சிவப்பு அட்டை, ஏனையோருக்கு மஞ்சள் அட்டை. உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழிலும் எண்ணுகிறது. வரி கட்டும்போது தனியாளாக நிற்பவன், உதவி கேட்கும்போது தந்தை, தாய் என எல்லாருடைய வருமானத்தையும் சுமந்து நிற்கிறான்.

இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள குப்பத்துப் பெண். சங்க இலக்கியத்தில் நெய்தல் திணையை நடத்தும்போது, வலையும் உப்பும் கருவாடும் பற்றி எனக்கே பாடம் சொல்லித் திருத்துவாள். ஓர் உதவித்தொகையை நம்பிப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டில் அது நின்றுபோனது. காரணம் கேட்டபோது குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்றார்கள். தாண்டச் செய்தவன் அவளுடைய அண்ணன். தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, மணம் முடித்து, தனி வீடு போய் ஓராண்டாகியிருந்தது. அவன் பெயர் மட்டும் குடும்ப அட்டையிலிருந்து நீங்கவில்லை. அலுவலகத்தில் அவனது சம்பளத்தையும் கூட்டிவிட்டார்கள்.

அவளை அழைத்துக்கொண்டு நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் கடுமையானவர் அல்லர். "சார், அட்டையில பேரு இருக்கு. நான் என்ன செய்ய முடியும்?" என்றார். அவள் மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள். "அண்ணன் வீட்டுல தனி அடுப்பு சார்."

அந்த ஒரு சொல்லை நான் பிறகு பல நாள் எண்ணிப் பார்த்தேன். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதைக் குடும்பம் என்கிறது? ஒரே சமையலறையில் உண்டு சேர்ந்து வாழ்வோரை. அந்தப் பெண் சொன்னது சட்டத்துக்குப் புறம்பானதன்று. அரசே எழுதிவைத்திருக்கும் இலக்கணம். இன்னொரு வியப்பும் உண்டு. பிரெஞ்சு வரிச் சட்டம் வரிகட்டும் குடும்பத்தை 'ஃபுவாயே' என்ற சொல்லால் குறிக்கிறது. அச்சொல்லுக்கு மூலப்பொருள் அடுப்பு. இடைக்காலப் பிரான்சில் வரி அடுப்புக்கு இவ்வளவு என்றே வாங்கப்பட்டது. ஆனால் இன்றைய பிரெஞ்சு வரியில் அடுப்பு என்பது வெறும் பெயர். மணமுறைப்படியோ பதிவுப்படியோ இணையாமல் ஒரே வீட்டில் உண்டு வாழும் இருவர் அங்கே இரண்டு 'அடுப்பு'. சொல் அடுப்பங்கரையில் பிறந்து, அலுவலகத்தில் போய் வாழ்க்கைப்பட்டுவிட்டது.

அந்த ஆண்டு ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அவளுடைய கட்டணத்தைக் கட்டினோம். படிப்பை முடித்தாள். ஆனால் நாங்கள் கொடுத்தது தயவு. அவளுக்கு வரவேண்டியிருந்தது உரிமை. இரண்டும் ஒரே தொகையாக இருக்கலாம். வாங்கிக்கொள்ளும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்தேன்.

*

தெருவின் மறுபக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி, லிசே, புதுச்சேரிக் கடற்கரைக்கு அருகே இன்றும் இயங்குகிறது. அங்கே படிக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு அரசு கல்வி உதவித்தொகை வழங்குகிறது. அதற்கும் பங்குக் கணக்கே அடிப்படை. குடும்ப வருமானத்தில் சில கழிவுகளும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதைப் பங்குகளால் வகுப்பார்கள். ஊரின் வாழ்க்கைச் செலவைப் பாரிசோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வீடு, மனை, சேமிப்பு எவ்வளவு என்றும் கேட்பார்கள். 2007இல் சார்க்கோசி அரசு, வெளிநாட்டுப் பிரெஞ்சுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பிலுள்ள பிரெஞ்சு மாணவர்களின் கட்டணத்தை வருமானம் பாராமல் அரசே ஏற்கும் என்று தொடங்கியது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்வி தொடர்ந்து எழுந்தது. 2012இல் ஒல்லாந்து அரசு அதை நீக்கியது. மறுபடியும் வகுத்தல் கணக்கு.

இக்கேள்வி நம் தெருவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1909இல் லாயிட் ஜார்ஜ் பிள்ளை ஒன்றுக்கு 10 பவுன் வரிக்கழிவு தந்தபோது, ஆண்டு வருமானம் 500 பவுனுக்கு உட்பட்டோருக்கே அது என்றார். 1970களின் இறுதியில் அந்நாடு அக்கழிவை எடுத்துவிட்டு, வருமானம் பாராமல் பெரும்பாலும் தாயின் கையில் சேரும் உதவியாக மாற்றியது. 2013இல் வருமானம் மீண்டும் நுழைந்தது. பெற்றோரில் ஒருவர் 60,000 பவுன் ஈட்டினால் உதவி முழுவதும் வரியாகத் திரும்பிப் போகும். ஆனால் இருவரும் ஆளுக்கு 49,000 ஈட்டினால், வீட்டு வருமானம் 98,000 ஆனாலும், ஒரு காசும் குறையாது. 2024இல் வரம்புகளை உயர்த்தினார்கள். தனியாளையே பார்க்கும் கோணல் அப்படியே இருந்தது. நோணாங்குப்பத்துப் பெண்ணுக்கு இல்லாத அண்ணனைக் கூட்டினார்கள். லண்டன் குடும்பத்தில் இருக்கும் மனைவியைக் கூட்டவில்லை. தவறு இரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது.

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான வரிச்சலுகை 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பிள்ளைக்கு 2,000 டாலராக உயர்த்தியது. ஆயினும் ஆண்டுக்கு 2,500 டாலருக்கு மேல் உழைத்து ஈட்டினால்தான், வரி கட்டாத வீட்டுக்கு அதில் ஒரு பகுதி பணமாகக் கிடைக்கத் தொடங்கும். மிக ஏழை வீட்டுக்கு மிகக் குறைவு. 2021இல் மட்டும், பெருந்தொற்றுக் காலத்தில், இவ்விதியை நீக்கினார்கள். வருமானமே இல்லாத வீட்டுக்கும் முழுத்தொகை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 3,600, மற்றவர்க்கு 3,000. அதில் பாதியை ஜூலை முதல் மாதந்தோறும் கொடுத்தார்கள். அரசின் துணை அளவீட்டின்படி அவ்வாண்டு குழந்தை வறுமை 5.2 விழுக்காடாக இறங்கியது. அடுத்த ஆண்டு பழைய விதி திரும்பியது. பிற பெருந்தொற்று உதவிகளும் நின்றன. வறுமை 12.4 விழுக்காடாயிற்று.

*

இவ்வளவும் படித்தபின் எனக்குப் புலப்பட்டது ஒன்றே. வருமான வரம்பு என்றவுடன் எவ்வளவு என்றே நாம் சண்டையிடுகிறோம். இரண்டரை லட்சமா, மூன்று லட்சமா என்று. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, யாருடைய வருமானம் என்பது. யாரை யாரோடு சேர்த்து எண்ணுகிறோம் என்பது முடிவானபின், எண் வெறும் கூட்டல்தான். ரோமில் மூன்று பிள்ளை, பிரான்சில் அரைப் பங்கு, இந்தியாவில் இரண்டோடு நிறுத்தம், ஒரு குடும்ப அட்டையில் நீக்கப்படாத ஒரு பெயர் — எல்லாவற்றிலும் பிள்ளைக்கு வந்ததும் வராமற்போனதும் அந்த முதல் முடிவினால்தான். அம்முடிவை எடுக்கும்போது பிள்ளையின் தட்டை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பார்ப்பது அவ்வளவு கடினமும் அன்று. வரம்புக்கு மேலே ஒரு ரூபாய் போனதும் முழுத்தொகையையும் பறிக்காமல், படிப்படியாகக் குறைக்கலாம்; பிரான்சில் குடும்பப் படிக்கு 2015இல் அதைத்தான் செய்தார்கள். வரிக்கழிவாகத் தராமல் கையில் தரும் பணமாகத் தரலாம்; அப்போது வரி கட்டாத வீடும் வாசலுக்கு வெளியே நிற்காது. எல்லாவற்றுக்கும் முன்பாக, குடும்பம் என்று அட்டை சொல்வதற்கும் அடுப்பு சொல்வதற்கும் வேறுபாடு வந்தால், அடுப்பைப் போய்ப் பார்க்க ஒரு வழி வைக்கலாம்.

அந்த மாணவி இன்று ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தாள். தன் பள்ளியில் உதவித்தொகைப் படிவங்களை நிரப்பும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னாள். பெற்றோர் வந்து அமர்ந்தவுடன், வருமானத்தைக் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல எத்தனை அடுப்பு?" என்று கேட்பாளாம். முதலில் விழிப்பார்களாம், பிறகு, அட்டையில் இல்லாத கதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருமாம்.